தாசில்தார் டிவி பார்க்கிறது

ஓடைக்கரைச் சாமி இடது காலை ஒரு பலகைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். கால் இரண்டு நாளாக வீங்கிக் கிடந்தது. சிறுமலை அடிவாரத்தில் அவர் குடில் போட்டுப் பல வருஷம் ஆகிறது. கேள்வி கேட்க வருகிறவர்கள் முதலில் காலைப் பற்றி விசாரிப்பார்கள், அப்புறம் கேள்வியைக் கேட்பார்கள்.

திருவேங்கடம் காலைப் பற்றி விசாரிக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை காத்திருந்து, வணங்கிவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்தார். வயதில் அவர்தான் மூத்தவர். இருந்தாலும் சாமி சாமிதான்.

"சொல்லுங்க," என்றார் சாமி.

"ஒரு சந்தேகம் சாமி. பூனை ஏன் டிவி பாக்குது?"

சாமி நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பூனை?"

"எங்க வீட்டுப் பூனைதான்."

"எல்லாப் பூனையும் பாக்குதா, உங்க வீட்டுது மட்டும் பாக்குதா?"

"எல்லாமும் பாக்குமாம். ஓசூர்ல எம் மக வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுவும் பாக்குதாம். ஆனா எங்க வீட்டுது பாக்குற பார்வை வேற. ஸ்டூல் மேல ஏறி உக்காந்துரும். கிரிக்கெட் ஓடுனா பந்து போற பக்கமெல்லாம் தலை போகுது. நியூஸ்ல கீழ எழுத்து ஓடும்ல, அதக் காலால புடிக்கப் பாக்கும். புடிக்க முடியலன்னா டிவிக்குப் பின்னால போகும்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ஒயரும் தூசியும். அத மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்து அதே ஸ்டூல்ல உக்காந்துக்கும். ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும் வந்து உக்காருது சாமி. வாசனை இல்ல, ருசி இல்ல, பசிக்கு ஒரு துண்டு மீன் அங்கருந்து வந்ததில்ல. வாயில்லா ஜீவனே இப்படி மாயையில விழுந்து கெடக்குன்னா, அந்த வீட்டுல மனுசன் எப்படி இருக்க முடியும்?"

சாமிக்குப் புரிந்துவிட்டது. பூனை முன்னால் வந்திருக்கிறது, விஷயம் பின்னால் வருகிறது.

"நீங்க இங்கயே வந்துரலாம்னு பாக்குறீங்க."

"ஆமா சாமி."

"என்ன குறை வீட்டுல?"

 குறை என்று சொன்னால் குறை இல்லை. திருவேங்கடம் முப்பது வருஷம் நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவர். நூற்றுக்கணக்கான நூற்புக் கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும் இரைச்சலில் ஒரு ஆயுள் போய்விட்டது. அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்கள். பேசினாலும் கேட்காது. எல்லாம் கை பாஷைதான். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலை வெட்டினால் நூல் அறுந்தது. புறங்கையை வீசினால் நகரு.

ஓய்வு பெற்று வந்ததும் அவர் விரும்பியது ஒன்றே ஒன்றுதான், நிசப்தம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை மௌனம் என்று ஒரு விரதம் எடுத்தார். பின்கட்டு அறையைக் காலி செய்து பாய் போட்டார். காலையிலும் மத்தியானத்திலும் கண்ணை மூடி உட்கார்ந்தார். விளக்கு வைத்தபிறகு பேசலாம்தான். ஆனால் அதற்குள் பேச வேண்டியது எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

"நாதம் போயிருச்சு சாமி," என்றார்.

"எப்ப?"

"ஒரு வருஷம் இருக்கும். உங்ககிட்ட சொல்லியிருக்கேன்ல, உக்காந்த கொஞ்ச நாள்லயே எனக்குக் கேக்க ஆரம்பிச்சுதுன்னு. வண்டு ரீங்காரம் மாதிரி. ரொம்பத் தணிவா. எனக்கு மில்லுல பாதிக் காது போயிருச்சு, ஆனா அது மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. கேக்குறப்பல்லாம் முழங்காலுக்கு முன்னால ஒரு கதகதப்பு. யாரோ எதிர்ல இருக்குற மாதிரி. நீங்ககூட, நல்லது, உக்காந்துக்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப இல்ல. ஒருநா நின்னுச்சு. அம்புட்டுதான். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்தாலும் வெறும் காதுதான். முன்னறையில அந்த டிவி சத்தம். வீட்டுக்காரி காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஓடுது. அதுலதான் நாதம் கலைஞ்சிருச்சு." அவர் குரல் இறங்கியது. "வாழ்க்கையில எனக்குன்னு கெடச்சது அது ஒண்ணுதான் சாமி. மில்லு எனக்கு என்ன குடுத்துச்சு? கல்யாணம், மக, வீடு, எல்லாருக்கும் கெடைக்கிறது. இது எனக்கு மட்டும் கெடச்சது. இங்க வந்தா திரும்பி வரும்."

ஓடையில் தண்ணீர் இல்லாத மாதம். குடிலைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை.

"வழக்கம் தெரியும்ல?" என்றார் சாமி.

"தெரியும்."

யாரைக் குடிலில் சேர்ப்பதானாலும் சாமி முதலில் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிடுவார். வீட்டில் இருப்பவர் தன் வாயால் சரி என்று சொன்னால்தான் சேர்ப்பார். சாப்பாடு நன்றாக இருந்தால் சேர்க்க மாட்டார் என்று வழக்கமாக வருகிறவர்கள் கேலி பேசிக்கொள்வதுண்டு.

"வியாழக்கிழமை வர்றேன்," என்றார் சாமி. "கால் இடம் குடுத்தா."

கால் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் வந்தார். திண்டுக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனையிலிருந்து திருவேங்கடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவே நேரம் பிடித்தது.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. திருவேங்கடத்தின் மனைவி இந்திராணி அவசரமாக எழுந்து ரிமோட்டைத் தேடினாள். கிடைக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் இருந்தது.

"எதுக்கு அணைக்கிறீங்க?" என்றார் சாமி. "ஓடட்டும். நடுவுல நிறுத்துனா என்ன ஆச்சோன்னு மனசுக்குள்ள கெடக்கும்."

இந்திராணி கணவரைப் பார்த்தாள். திருவேங்கடம் புறங்கையை வீசி, சாமிக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி டம்ளர் பிடிக்கிற மாதிரி காட்டினார்.

"வாயால சொல்லுங்க," என்றார் சாமி. "எனக்கு மில்லு பாஷை வராது."

"அவுக விளக்கு வைக்கிற வரைக்கும் பேச மாட்டாங்க சாமி," என்றாள் இந்திராணி. "நான் கத்துக்கிட்டேன். மில்லுல வேலை பாக்காமயே சூப்பர்வைசருக்குக் கீழ வேலை பாக்குறேன்."

திருவேங்கடத்துக்கு முகம் சுருங்கியது. குரு வந்திருக்கிற இடத்தில் இப்படியா பேசுவது. ஆனால் சாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

டிவிக்கு எதிரே ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு பெரிய வெள்ளைப் பூனை, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்தவர்களை அது திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுதானா?" என்றார் சாமி.

"தாசில்தார்," என்றாள் இந்திராணி.

"யாரு?"

"பேரு சாமி. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் மெதுவா வரும். வந்து நல்ல துண்டா எனக்கு எங்கன்னு கேக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?"

சாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இந்திராணியின் நாற்காலி. நடுவில் பூனை. திருவேங்கடம் உட்கார இடம் இல்லை. அவர் சுவரோடு நின்றார்.

டிவியில் ஒரு பெண் அடுப்படியில் நின்றுகொண்டு கண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"மூத்த மருமக. சின்னவளுக்குப் பாலுல விஷம் வைக்கப் போறா."

"எப்ப?"

"பொங்கல்லருந்து வைக்கப் போறா சாமி. இன்னும் வைக்கல."

"என்ன தயக்கம்?"

"வச்சுட்டா நாடகம் முடிஞ்சுரும்ல?"

சாமி அதை யோசித்துப் பார்ப்பவர்போல் தலையை ஆட்டினார். இந்திராணி எழுந்து நின்று, யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரைக் கெடுத்தது என்று கையை ஆட்டி விளக்கினாள். திருவேங்கடம் அவள் இவ்வளவு பேசிக் கேட்டு நாளாகிவிட்டது. எவ்வளவு நாள் என்று யோசித்தார். தெரியவில்லை. அவள் கை அசைந்த பக்கமெல்லாம் பூனையின் தலை திரும்பியது. கை நின்றதும் அது மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டது.

சாப்பாடு முருங்கைக்காய் சாம்பார், கீரைத்தண்டுக் கூட்டு, அப்பளம்.

"சக்கரை இருக்கா சாமி? காலப் பாத்தாத் தெரியுது. சோறு கொறச்சு வைக்கட்டா? கூட்டு நெறையப் போட்டுக்கங்க."

"போடுங்க."

சாமி நிதானமாகச் சாப்பிட்டார். கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். திருவேங்கடம் அந்தக் கரண்டியையே பார்த்தார். சாப்பாடு நன்றாக இருந்தால் சேர்க்க மாட்டார் என்பது வெறும் கேலிப்பேச்சுதானா?

இலையை மடித்துவிட்டுச் சாமி நேராகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் அங்க வந்து தங்கணுங்கறார். நிரந்தரமா. நீங்க என்ன சொல்றீங்க?"

திருவேங்கடம் சுவரைப் பார்த்தார். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தார். மகளுக்குப் போன் போடுவாள், ஊர் என்ன சொல்லும் என்பாள். அதற்கெல்லாம் மனசுக்குள் பதில் தயாராக இருந்தது.

"போகட்டும் சாமி," என்றாள் இந்திராணி.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இங்கயும் அவுக அங்கதான இருக்காங்க." அவள் இலையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு. ராத்திரி கஞ்சி கிஞ்சி ஏதாவது குடுப்பீங்களா? பசி தாங்க மாட்டாங்க. கேக்கவும் மாட்டாங்க."

"குடுப்போம்."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் திருவேங்கடத்துக்கு எதுவோ ஒன்று வழுக்கி விழுந்த மாதிரி இருந்தது. முப்பத்து நாலு வருஷக் கல்யாணம் ஒரு கஞ்சியில் முடிந்துபோகுமா? பிடித்து இழுக்க ஆள் இல்லாமல் ஒருவன் எதைத் துறக்கிறான்? இந்த யோசனையும் மாயைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"உங்க மத்தியான நேரம் ஆச்சுல்ல?" என்றார் சாமி. "போய் உக்காருங்க. பஸ்சுக்கு நேரம் இருக்கு."

திருவேங்கடம் பின்கட்டு அறைக்குப் போனார். கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பாயில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

இன்றைக்குக் கேட்டாலும் கேட்கலாம் என்று நினைத்தார். குரு அதே கூரைக்குக் கீழே இருக்கிறார்.

கேட்டது டிவிதான். மூத்த மருமகள் எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். பிறகு விளம்பரம். பிறகு மறுபடி அவள். அவர் மூச்சைக் கவனித்தார். மூச்சும் அந்த விளம்பரப் பாட்டின் தாளத்துக்கே போய்வந்தது. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. எதற்கு உட்கார்கிறோம் என்று ஒரு கேள்வி எழுந்தது. சில மாதங்களாகவே அது எழுந்துகொண்டிருக்கிறது. அதை அவர் சாமியிடம் சொன்னதில்லை.

அப்போது மின்சாரம் போனது.

டிவி நின்றது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. வீடு ஒரேயடியாக ஓய்ந்தது. அவருடைய பாதிக் காதுக்குக்கூட முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"போச்சா?" என்றது சாமியின் குரல்.

"மத்தியானத்துல போகும். வர ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள் இந்திராணி. "கரண்ட் போனா இந்த வீட்டுல எதுவும் அசையாது சாமி. நானும் இப்படியே உக்காந்திருப்பேன்."

"தாசில்தார் எங்கயோ எறங்கிப் போறாரே."

"சன்னலுக்குப் போகும். கொடியில சேலை காயுதுல்ல, அது காத்துல ஆடும். அதப் பாக்கும்."

 திருவேங்கடம் மூடிய கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அந்தரங்கமாக எதையோ ஒட்டுக் கேட்பதுபோல் இருந்தது. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

"அது ஏன் டிவி பாக்குது?" என்று சாமி கேட்டார். "உங்க வீட்டுக்காரர் அங்க வந்து எங்கிட்டக் கேட்டார். எனக்குத் தெரியல."

"இதையா? இதக் கேக்கவா பஸ்சேறி அம்புட்டுத் தூரம் போனாங்க?" இந்திராணி சிரித்தாள். "எங்கிட்டக் கேக்கலாம்ல. இதே வீட்டுலதான இருக்கேன்."

"இப்ப நான் கேக்குறேன்."

"அது மொதல்ல டிவி எல்லாம் பாக்காது சாமி. அவுகளத்தான் பாக்கும்."

"யாரை?"

"உங்க சிஷ்யரத்தான். குட்டியா வந்தப்ப வீட்டுல வேற யாருகிட்டயும் ஒட்டல. அவுக அந்த ரூம்ல போய் உக்காந்தா, இது பின்னாலயே போய் அவுக முழங்காலுக்கு முன்னால, பாய் ஓரமா உக்காந்துக்கும். மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கும். எப்படா கண்ணத் தொறப்பாருன்னு."

"தொறந்தாரா?"

"எங்க? இது தொண்டைக்குள்ளயே குர்ர்ருன்னு ஒரு மில்லு ஓட்டிக்கிட்டு, மணிக்கணக்கா இருக்கும். பூனைக்குப் பிரியம் வந்தா அப்படித்தான சாமி ஓட்டும்? நான் கதவு சந்துல நின்னு பாப்பேன். எனக்கு அடுப்புல வேலை கெடக்கும். ஆனாலும் நின்னு பாப்பேன். அழகா இருக்கும்."

அறைக்குள் திருவேங்கடத்தின் மூச்சு நின்றது.

"அப்புறம்?" என்றார் சாமி.

"வருஷக்கணக்கா பாத்துச்சு. ஒருநா காலத் தூக்கி அவுக முழங்கால்ல வச்சுச்சு, லேசா. அவுக கண்ணத் தொறக்கல. கைய மட்டும் இப்படி வீசுனாங்க."

அவள் கையை எப்படி வீசிக் காட்டியிருப்பாள் என்று திருவேங்கடத்துக்குத் தெரியும். புறங்கை. நகரு.

அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது. ஏதோ தொட்டது. தியானம் ஆழமாகும்போது கடைசித் தடையாக இப்படி ஒன்று வரும் என்று எங்கோ படித்திருந்தார். கண்ணைத் திறக்காமலே விலக்கிவிட்டதில் அன்று முழுவதும் ஒரு பெருமை இருந்தது. மறுநாளிலிருந்துதான் நாதம் இல்லை.

"அதுக்கப்புறம் அது அந்த ரூமுக்குப் போகல," என்றாள் இந்திராணி. "அதுக்கும் ஒரு பொறுமைன்னு இருக்குல்ல. கொஞ்ச நாள் கதவுகிட்ட வந்து நின்னுச்சு. நானும் நின்னேன். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்துட்டோம். இந்த டிவியில ஏதாச்சும் ஒண்ணு பேசிக்கிட்டாவது இருக்கும்."



திருவேங்கடம் கண்ணைத் திறந்தார். எதிரே வெள்ளைச் சுவர். பாயின் முன் ஓரத்தில், கோரை இழைகளுக்குள் வெள்ளையாகச் சில இழைகள் சிக்கியிருந்தன. முன்பெல்லாம் எழுந்திருக்கும்போது வேட்டியில் இப்படி ஒட்டியிருப்பதைத் தட்டிவிட்டிருக்கிறார். மில்லை விட்டு வந்தும் பஞ்சு நம்மை விடவில்லை என்று நினைத்துக்கொண்டு தட்டியிருக்கிறார்.

ஒரு இழையை உருவி எடுத்தார். இரண்டு கைக் கட்டைவிரல்களுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தார். பஞ்சின் தரம் பார்க்க அப்படித்தான் இழுப்பார்கள். அந்த விரல்களுக்கு அது மறக்கவில்லை.

பஞ்சு அல்ல, முடி.

அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். பழைய மில் நண்பர்களிடம், குடிலுக்கு வரும் இளைய ஆட்களிடம், ஒரு தடவை மருமகனிடம்கூட. எனக்குக் கேட்கிறது. எனக்குக் கேட்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு நாள்கூட அவள் சொல்லவில்லை. சொல்லவில்லையா, சொல்ல அவர் எப்போதாவது இடம் வைத்திருந்தாரா? விளக்கு வைத்தபிறகு ஒரு தடவையாவது அவளிடம், எனக்கு இப்படி ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்லியிருந்தால் அவள் அன்றே சிரித்திருப்பாள். அவளிடம்தான் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்திருந்தார்.

"நேரமாச்சு," என்று முன்னறையிலிருந்து சாமி குரல் கொடுத்தார். "பஸ்சைப் பிடிக்கணும்."

திருவேங்கடம் எழுந்து வந்தார். முழங்கால் மரத்திருந்தது. இந்திராணி ஒரு டப்பாவில் கூட்டைப் போட்டு மூடிச் சாமியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரிக்கு வச்சுக்கங்க. உப்புக் கொறச்சலாத்தான் போட்டிருக்கேன்."

"டப்பாவைத் திருப்பித் தரணுமே."

"இவுககிட்டக் குடுத்து விடுங்க. அங்கதான இருக்கப்போறாங்க." அப்புறம் ஏதோ யோசித்து, "வேணாம், நீங்களே வச்சுக்கங்க," என்றாள்.

பூனை சன்னல் கட்டையில் படுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. திருவேங்கடம் அதைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஒரு காதின் ஓரம் சின்னதாகக் கிழிந்திருந்தது. அது எப்போது கிழிந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பதை அது கவனிக்கவில்லை. கொடியில் சேலை ஆடிக்கொண்டிருந்தது.

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சாமி ஒரு கையில் டப்பாவும் இன்னொரு கை திருவேங்கடத்தின் தோளிலுமாக நடந்தார். நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்றார். கரண்ட் வந்துவிட்டது, வீடுகளில் மறுபடி டிவி சத்தம் கேட்டது. திருவேங்கடம் ஒன்றும் பேசவில்லை. விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்ததால் அல்ல.

தெருமுனைக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"பட்டப்பகல்ல பேசுறேன் சாமி."

"பேசுங்க."

"நீங்க அவகிட்டக் கேட்டது எல்லாம் என் காதுல விழுந்துச்சு."

"கரண்ட் போயிருந்துச்சுல்ல," என்றார் சாமி.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் இன்னைக்குத்தான் உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க நாதம்னு சொன்னீங்க. உக்காருங்கன்னு சொன்னேன்." சாமி காலை மாற்றி வைத்து நின்றார். அவருக்கும் முகம் களைத்திருந்தது. "நாங்கூடக் கேட்டிருக்கலாம், எதிர்ல யாரு இருக்கான்னு. எனக்கும் தோணல."

ஒரு பஸ் வந்தது. வேறு ஊர் பஸ். போய்விட்டது. புழுதி அடங்குவதற்குள் திருவேங்கடத்தின் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"குடில்ல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு," என்றார் சாமி. "வீட்டுலயும் சரின்னுட்டாங்க. நாளைக்கே வர்றதுன்னாலும் வரலாம். நான் தடுக்கல."

"வந்து?"

சாமி பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

"அங்க வந்து நான் எதக் கேக்குறது சாமி? ஒரு பூனைச் சத்தத்த வச்சுக்கிட்டு இத்தன வருஷம் நான் பெரிய ஆளுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சிரிப்பா இல்ல உங்களுக்கு?"

"இல்ல."

சிறுமலை பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. சாமி தோளிலிருந்து கையை எடுத்து டப்பாவை இடுக்கிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. நடத்துனர் சாமியின் காலைப் பார்த்துவிட்டு, "மெதுவா ஏறுங்க, மெதுவா ஏறுங்க," என்றார்.

திருவேங்கடம் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டார். விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் சாமி," என்றார். "அதுவும் போயிருச்சே."

சாமி வீங்கிய காலை மேல் படியில் வைத்து, கம்பியைப் பற்றிக்கொண்டு திரும்பினார்.

"எங்க போச்சு? உங்க வீட்டுல, அடுத்த ரூம்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருக்கு."